ஓய்வெடுத்துக் கெட்ட ஆறு பேட்டரிகள்

"3-4-1984. செவ்வாய். காலை 5.40. ஏத்தத்துல நின்னுருச்சு. புள்ள ரெண்டு உள்ள இருந்துச்சு. தள்ளுனாங்க."

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எழுதியவர் என் அக்கா அஞ்சலை. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். நோட்டின் மூலையில் ஓட்டை போட்டு, சணல் கோத்து, ஒரு கோல்ஃப் வண்டியின் ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டிருக்கிறோம்.

நோட்டை மாட்டியது நான். தேதி இல்லாத செய்தி எனக்குச் செரிக்காது என்பது இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

கோல்ஃப் வண்டியா... ரப்பர் தோட்டத்திலா?

ஆமாம். ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே நான்கு மைல் போனால் வரும் தோட்டம் அது. நான் பிறந்ததும் அங்கேதான். எழுபதுகளில் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களில் ஒன்று. வெள்ளைக்கார மானேஜர் இருந்த காலத்தில் பங்களாவைச் சுற்றி ஒன்பது குழிகளோடு ஒரு கோல்ஃப் திடல் இருந்தது. மானேஜருக்கு முழங்கால் வலி. அதனால் ஒரு மின்சார வண்டி வந்தது. பிறகு மானேஜர் போனார். திடலில் லாலாங் புல் முளைத்தது. வண்டி மட்டும் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டின் மூலையில் கிடந்தது.

1981இல் அக்கா பால் வாளியோடு கானில் – வடிகால் பள்ளத்தில் – வழுக்கி விழுந்தார். கால் சேர்ந்தது. ஆனால் நேராகச் சேரவில்லை. மரம் சீவிப் பால் எடுக்கும் வேலை போயிற்று. பெரிய துண்டை வாங்கியிருந்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர். பிள்ளைக் கொட்டாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயா வேலை கொடுத்தார் – செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாட்களுக்கு வேறோர் அம்மா.

கொட்டாய் அக்கா வீட்டிலிருந்து ஒரு மைல். இறங்கி ஏறும் செம்மண் சாலை. மரம் சீவப் போகிறவர்கள் காலை ஐந்தரை மணிக்கு முன் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு – ஆள் கணக்கெடுப்புக்கு – ஓட வேண்டும். அக்காவால் அந்த ஒரு மைலை நடக்க முடியாது. தவுக்கே புகைக்கூட்டைக் காட்டி, ஓடினால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். ஆறு புதுப் பேட்டரிகளும் வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

அப்படித்தான் வெள்ளைக்காரரின் முழங்காலுக்கு வந்த வண்டி எங்கள் அக்காவின் காலுக்கு வந்து சேர்ந்தது.

போகும் வழியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் ஒன்றிரண்டு குழந்தைகளையும் வாங்கிக்கொள்வார். ஏப்ரல் மூன்றாம் தேதி ஏற்றத்தில் வண்டி நின்றபோது உள்ளே இருந்த 'புள்ள ரெண்டு' அவைதாம். அவற்றின் அம்மாக்களே பின்னாலிருந்து வண்டியைத் தள்ளினார்கள். இருவருமே பெரட்டுக்குத் தாமதம்.

ஏழாம் தேதி சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் ஈப்போவிலிருந்து போனேன். நோட்டைப் புரட்டினேன். மூன்று வருடத்தில் வண்டி ஓடியது தொள்ளாயிரம் மைலுக்கும் குறைவு. ஒரு டாக்சி இதை ஓரிரு வாரத்தில் ஓடிவிடும். இவ்வளவு கொஞ்சமாக ஓடிய வண்டியின் பேட்டரி எப்படிக் கெடும்?

"நல்லாத்தான் வச்சிருந்தேன் தம்பி. ஒரு நாளும் அத வதைச்சதில்ல" என்றார் அக்கா.

"சார்ஜ் எப்ப போடுவீங்க?"

"ஓடிட்டு வந்த ஒடனே போடமாட்டேன். களைச்சுப் போயில்ல வந்திருக்கும்? கெடக்கட்டும்னு விட்ருவேன். ரொம்ப மெதுவா போவுதுன்னு தெரிஞ்சாத்தான் சொருகுறது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மரத்த சீவுனா மறுநாளு விடணும். விடாம சீவுனா பட்டை காஞ்சு பாலே வராது. இலை உதிர்ற காலத்துல கையே வைக்கக் கூடாது. இது தெரியாமயா முப்பது வருஷம் கித்தா மரத்தோட கெடந்தேன்?"

கித்தா என்றால் ரப்பர். முப்பது வருடம் அதோடு வாழ்ந்தவரிடம் மரத்துக்கு ஒரு நியாயம், பேட்டரிக்கு வேறொரு நியாயம் என்று எப்படிச் சொல்வது?

நோட்டை மறுபடி பார்த்தேன். கடைசி ஓட்டம் பிப்ரவரி 25. அதன் பிறகு இலை உதிர்ந்தது. மரங்களுக்கு ஓய்வு. மரங்களுக்கு ஓய்வென்றால் சீவுகிறவர்களுக்கும் வேலை குறைவு, கொட்டாயும் மூடல். அடுத்த பதிவு ஏப்ரல் 3. நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் வெற்றுத்தாள். 'சார்ஜ்' என்று நான் கோடு போட்டுக் கொடுத்த கட்டத்திலும் ஒன்றுமில்லை. மரத்தோடு சேர்த்து வண்டிக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறார் அக்கா. பாதி காலியான பேட்டரிகளோடு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் 1982ஆம் வருட டைரியில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'அக்கா வண்டியை மிகச் சிக்கனமாக வைத்திருக்கிறார். பாராட்டத்தக்கது.' எழுதியவனுக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

பதினொன்றாம் தேதி புதன்கிழமை குணாவின் கடிதம் வந்தது. குணா அக்காவின் ஒரே மகன். கோலாலம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வீடு. வண்டி நின்ற செய்தி அவன் காதுக்குப் போய்விட்டது. 'மாமா, அம்மா உழைத்தது போதும். இனி ரெஸ்ட் எடுக்கட்டும். ஏப்ரல் 22 ஞாயிறு கூட்டாளியின் வேனோடு வருகிறேன். நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தான்.

நல்ல பிள்ளை. அதுதான் சிக்கல். கெட்ட பிள்ளையாக இருந்தால் முடியாது என்று சொல்வது எளிது.

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே அவித்த மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இருபத்திரண்டுக்குள்ள காடி ஓடுமா ஓடாதா?"

காடி என்றால் வண்டி. ஆக எங்களுக்கு இருந்தது பதினோரு நாள்.

பதினான்காம் தேதி, பழைய பேட்டரி ஒன்றை என் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். கொட்டாய் வேலை முடிந்ததும் அக்காவும் வந்துவிட்டார். அன்று வேறு யாரோ சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். முன்னால் சீன முதலாளி. பின்கட்டில் வேலை பார்ப்பவர் செல்வம் – பாகான் செராய்க்காரர், நாற்பது வயதிருக்கும். கமுந்திங்கில் தொழிற்சாலைகளின் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு பேட்டரி பார்த்துப் பழகியவர். சட்டையின் கீழ்ப்பகுதி முழுக்க ஆசிட் தெறித்த ஓட்டைகள்.

செல்வம் மூடியைத் திருகி டார்ச் அடித்தார்.

"ரொம்ப நாளு காலியா கெடந்துச்சா அண்ணே?"

"எப்படித் தெரியும்?"

"தட்டெல்லாம் வெள்ளையா உப்பு பூத்துருச்சு பாருங்க. ஓடிக் கெட்டுச்சுன்னா இப்படி இருக்காது. இது சும்மா கெடந்து கெட்டது."

அக்கா எட்டிப் பார்த்தார். "களைச்சுப் போச்சேன்னு விட்டு வச்சேன் செல்வம்."

"பேட்டரிக்குக் களைப்புன்னு ஒண்ணு கெடையாதுக்கா. பசிதான் உண்டு. வந்த ஒடனே சோறு போட்றணும்."

முப்பது வருட அனுபவம் ஒரு டார்ச் வெளிச்சத்தில் பொய்யாய்ப் போவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அக்காவோ மூடியைத் தன் கையாலேயே திருகி மூடிவிட்டு, "நல்லது நெனச்சுக் கொன்னுருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வேலைக்கு வந்துவிட்டார். "சரி, புதுசு காட்டு."

கோல்ஃப் வண்டிக்கு பேட்டரி தேடும் வாசகர்கள் பேராக்கில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியாது. இருந்தாலும் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்கு வேண்டியது முப்பத்தாறு வோல்ட். ஆறு வோல்ட்டில் ஆறு போடலாம். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்றும் போடலாம். கடையில் லோரிகளுக்கான பன்னிரண்டு வோல்ட் வரிசையாக நின்றது. மூன்றை எடுத்தால் அன்றே வேலை முடியும். விலையும் குறைவு.

"இதப் போட்டுட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன்.

"போடலாம். ஓடும். லோரி பேட்டரி ஒரே உதைதான் அண்ணே... இஞ்சின் கெளம்புனதும் அதுக்கு வேலை முடிஞ்சுது. தட்டு மெலிசு. அக்கா காடி அப்படியா? மெதுவா, விடாம இழுக்கும். அதுக்குத் தட்டு தடிப்பா இருக்கணும். இத எடுத்தீங்கன்னா அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ மறுபடி எங்கிட்ட வருவீங்க. எங்க தவுக்கேக்கு சந்தோசம்."

தவுக்கேக்கு இது கேட்டிருக்காது. அல்லது தமிழ் புரிந்திருக்காது.

"அப்ப இருக்குறதுலயே பெருசா ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். எனக்கு எப்போதும் இந்தப் புத்தி. அகராதி வாங்கினாலும் பெரியதாகப் பார்ப்பேன்.

"ரெண்டு கட்டை ஓடுறதுக்கு எதுக்கு அண்ணே பெருசு? கனம்தான் கூடும். ஏத்தத்துல அந்தக் கனத்தையும் அதுவேதான் இழுக்கணும். சார்ஜ் ஏறவும் நேரமாவும்."

கட்டை என்றால் மைல். இரண்டு மைலுக்கு எது போதுமோ அது போதும். சொன்னால் எளிதாகத்தான் இருக்கிறது.

கடைசியில் செல்வம் பின்கட்டிலிருந்து ஆறு பேட்டரிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆறு வோல்ட், தடித்த தட்டு. யாரோ கேட்டு வரவழைத்து, பிறகு எடுக்காமல் விட்டவை. எல்லாம் புதுசு என்று தவுக்கே மலாயில் சொன்னார்.

அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது. ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் ஈயத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் குத்தியிருந்தன. என்ன இது என்றேன். எழுத்து மாதம், எண் வருடம் என்றார் செல்வம். ஏ என்றால் ஜனவரி. பி என்றால் பிப்ரவரி.

பேட்டரிக்கும் பிறந்த தேதி உண்டென்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை. குனிந்து ஆறையும் படித்தேன். நான்கு இந்த வருட பிப்ரவரி. இரண்டு... போன வருட ஏப்ரல்.

"இந்த ரெண்டும் ஒரு வருஷம் பழசு."

"ஆமாண்ணே" என்றார் செல்வம், ஒளிக்காமல். "கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்."

"அப்ப வேணாம். புதுசையும் பழசையும் கலக்கக் கூடாதுன்னு நானும் படிச்சிருக்கேன். ஆறும் ஒரே தேதியில வேணும்."

"சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டா வரும். ஆறு வாரம் ஆவும்."

"காத்திருக்கோம்" என்றேன். "குணாவுக்கு நான் எழுதுறேன். தேதிய ஒத்திப்போடச் சொல்லலாம்."

அக்கா அதுவரை ஒரு மரப்பெட்டி மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீ பாட்டுக்கு ஒத்திப்போடுன்னு எழுதிக்கிட்டு இருப்ப. அவன் வேனக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டிருவான். ஆறு வாரமும் கொட்டாய்ல என் எடம் சும்மா இருக்குமா? வேற ஆளப் போட்ருவாங்க." பிறகு செல்வத்திடம் திரும்பினார். "அந்த ரெண்டும் செத்துப் போச்சா, இல்ல தூங்குதா?"

"அதத்தான் பாக்கணும்க்கா. பொறந்த தேதிய வச்சு ஆளு சொகமா இருக்கானான்னு சொல்ல முடியுமா?"

எனக்குச் சொன்னதுபோலத்தான் இருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை.

செல்வம் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். மேலே ரப்பர் குமிழ், உள்ளே அளவுகோடுகளோடு ஒரு மிதவை. ஹைட்ரோமீட்டர். பேட்டரியிலிருந்து கொஞ்சம் நீரை உறிஞ்சினால் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அதன் அன்றைய நிலை. முழுதாக நிறைந்தது 1265 காட்டும்.

அக்கா குழாயைப் பார்த்ததும் சிரித்தார். "இது நம்ம தோட்டத்து ஆளுல்ல?"

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணியிடம் – கணக்கரிடம் – இதேபோல ஒரு மிதவை இருக்கும். வாளிப் பாலில் விடுவார். யாராவது எடை கூட்டத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

"நீங்க மாட்டியிருக்கீங்களாக்கா?" செல்வம் கேட்டார்.

"ரெண்டு தரம்" என்றார் அக்கா. எனக்கே அது புதுச் செய்தி.

பழைய இரண்டும் 1190 காட்டின. தூக்கம்தான், ஆழ்ந்த தூக்கம் என்றார் செல்வம். மூன்று நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். எழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். எழாவிட்டால் மற்ற நாலும் தனியே பயன்படாது, லோரி பேட்டரிதான் என்றார்.

"மூணு நாள்" என்றார் அக்கா. அவர்தான் முடிவெடுத்தார். பணமும் அவருடையது, சீட்டில் சேர்ந்தது.

பதினெட்டாம் தேதி புதன்கிழமை ஆபீஸிலிருந்து நேரே கடைக்குப் போனேன். ஒன்று 1260க்கு வந்திருந்தது. இன்னொன்று 1250. ஏற வேண்டிய அளவுக்கு அது ஏறவில்லை. ஓடஓட இன்னும் கொஞ்சம் ஏறும், பிறகு நிற்கும், ஆனால் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றார் செல்வம். எனக்குத் திருப்தியில்லை. நான்கு நாள் கழித்து குணாவின் வேன் வரும் என்பதும் நினைவிலிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

வியாழன் மாலை செல்வமே வந்து மாட்டினார். அந்த 1250 மூன்றாவது இடத்தில் அமர்ந்தது. நோட்டில் 'மூன்றாம் எண்' என்று சிவப்பு மையில் எழுதினேன். கிளம்பும்போது அக்காவிடம் அவர் சொன்னது மூன்றே விஷயம்: வந்த உடனே சார்ஜ். சார்ஜ் முடிந்த பிறகே தண்ணீர், அதுவும் கடையில் விற்கும் சுத்தத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கூடாது. இலை உதிர்ந்து கொட்டாய் மூடினாலும் வாரம் ஒரு தரம் சொருக வேண்டும்.

"மரம் மாதிரி நெனைக்காதீங்கக்கா. மாடு மாதிரி நெனைங்க" என்றார்.

"மாடுன்னா தெனம் கழுவணுமா?"

"கழுவுங்க, பேட்டரி மேல மட்டும் தண்ணி படாம."

சனிக்கிழமை அதிகாலை, மூன்று குழந்தைகளோடு வண்டி ஏற்றத்தில் நிற்காமல் ஏறியது. நோட்டில் அக்காவின் எழுத்து: "21-4-1984. சனி. கொட்டாய். 2 மைல். நிக்கல."

மறுநாள் குணா வந்தான். வேனில் காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"மாமா, நீங்களுமா அம்மாவுக்குக் கூட்டு? நான் உங்கள எடுத்துச் சொல்லத்தானே சொன்னேன்?"

"சொன்னேன்" என்றேன். கடிதத்தைப் படித்துக் காட்டியது உண்மை.

"முப்பது வருஷம் மழையிலயும் கொசுக்கடியிலயும் நின்னவங்க மாமா. கால வேற ஒடைச்சுக்கிட்டாங்க. இருட்டுல, பிஞ்சுப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்தத் தகரக் காடியில... ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கு அங்க தூக்கம் வரமாட்டேங்குது லா."

அவன் சொன்னதில் தவறேதும் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும்.

அக்கா போய் வண்டியில் ஏறினார். "உக்காரு" என்று பக்கத்து இடத்தைக் காட்டினார். மகனை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கி, ஏற்றத்தில் ஏறி, கொட்டாய் வரை போய்த் திரும்பி வந்தார். வந்ததும் குணாவை உட்கார வைத்துவிட்டு, முதலில் சார்ஜரைச் சொருகினார். பிறகுதான் பேசினார்.

"ஒன் வீடு மூணாவது மாடி. இந்தக் கால வச்சுக்கிட்டு ஏறுனேன்னா ஏறுனதுதான். எறங்க மாட்டேன். சன்னல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு ரெஸ்ட் எடுப்பேன். பழைய பேட்டரி ஆறும் மூலையில கெடக்குது, மூடியத் தெறந்து பாரு."

குணா உடனே எழுந்து போய்ப் பார்க்கவில்லை. காபி குடித்தான். கிளம்பும் முன், யாரும் பார்க்காத நேரத்தில் மூலைக்குப் போய் ஒரு மூடியைத் திருகிப் பார்த்தான். நான் பார்த்தேன்.

"மே மாசக் கடைசி வரைக்கும்" என்றான். "ஒரு நாள் நின்னாலும் மாமா எனக்கு எழுதணும். ஏதாச்சும் ஏடாகூடமாச் செஞ்சாலும் எழுதணும். நீங்கதான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைப்பீங்களே."

எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். அட்டைப் பெட்டிகள் காலியாகவே திரும்பிப் போயின.

அன்று ஈப்போ திரும்பியதும் என் வீட்டையே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். விருந்தாளிக்கென்று பிளாஸ்டிக் உறை போட்ட சோபா. நல்ல நாளுக்கென்று மடித்து வைத்து மடிப்பிலேயே கிழிந்த என் மனைவியின் பட்டுப்புடவை. முக்கியமான எழுத்துக்கென்று எடுத்து வைத்து மை உறைந்துபோன ஒரு பேனா. நம் வீடுகளில் தேய்ந்து கெட்டது அதிகமா, பத்திரப்படுத்திக் கெட்டது அதிகமா?

பேனாவை வெந்நீரில் போட்டிருக்கிறேன். இந்தப் பத்தி அதில் எழுதியதல்ல. இன்னும் தூங்குகிறது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா கொட்டாயிலிருந்து திரும்பியதும் நான் போய் ஹைட்ரோமீட்டரால் ஆறையும் அளந்து எழுதினேன். இரண்டு மைல் ஓடி வந்தால் சராசரி 1250. மூன்றாம் எண் மட்டும் எப்போதும் பத்துப் புள்ளி கீழே. ஐந்து வாரமாக இதில் மாற்றமில்லை.

மே 26, சனிக்கிழமை. அன்று போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. அக்கா அப்போதுதான் சார்ஜரைச் சொருகிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். அளந்தேன். 1195. மறுபடி அளந்தேன். ஆறும் ஒரேமாதிரி இறங்கியிருந்தன, மூன்றாம் எண் இன்னும் கொஞ்சம் கீழே. பழுது என்றால் ஒன்றுதான் இறங்கும் என்பது செல்வம் சொல்லிக் கொடுத்த பாடம். ஆறும் சேர்ந்து இறங்கினால் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். என் கணக்கில், ஏறக்குறைய பத்து மைல்.

"எங்கேயாவது போனீங்களாக்கா?"

"கொட்டாய்க்குத்தான்."

நோட்டிலும் அப்படித்தான் இருந்தது: "26-5-1984. சனி. கொட்டாய். 2 மைல். நிக்கல."

டயரைப் பார்த்தேன். தோட்டத்துச் சாலை செம்மண். டயரின் இடுக்கெல்லாம் வெள்ளைத் தூள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தூளைத் தெரியும் – சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகும் லோரிகள் பெரிய சாலை ஓரமெல்லாம் கொட்டிவிட்டுப் போவது.

எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு ஈப்போ திரும்பினேன்.

மே 28 தேதியிட்டு குணாவிடமிருந்து கடிதம் வந்தது. 'சனிக்கிழமை மத்தியானம் அம்மா கீழ்வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டார்கள். மாதக் கடைசி வந்துவிட்டது, வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை, நீ வேன் பிடிக்க வேண்டாம், தீபாவளிக்கு நீ வா என்றார்கள். குரல் தெளிவாக இருந்தது. தோட்ட ஆபீஸ் போனிலிருந்து பேசுவதாகச் சொன்னார்கள். சரி மாமா, அங்கேயே இருக்கட்டும்.'

தோட்டக் கிராணியைப் பிறகொரு நாள் பார்த்தேன். ஆபீஸ் போன் மே 23 முதல் 29 வரை வேலை செய்யவில்லையாம். லோரி ஒன்று கம்பத்தில் இடித்துவிட்டதாம். அதை விட்டால் அடுத்த போன் எங்கே என்று கேட்டேன். சிம்பாங் பூலாய்ச் சந்தியில் பொதுத் தொலைபேசி இருக்கிறது என்றார். போக நாலு கட்டை, வர நாலு கட்டை.

பெரிய சாலையில், லோரிகளுக்கு நடுவே, விளக்கோ நம்பர் பிளேட்டோ இல்லாத ஒரு கோல்ஃப் வண்டி... பார்த்ததாக இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அக்காவிடம் இன்னொரு முறை கேட்டேன். "பாலுல தண்ணி ஊத்துனதுக்கே ரெண்டு தரம்தான் மாட்டுனேன்" என்றார். அது பதிலா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே சிவப்பு மையில் இப்படிக் குறித்திருக்கிறேன்: '1195. காரணம் சரிபார்க்கப்படவில்லை. திரும்பி வந்த உடனே சார்ஜ் போடப்பட்டது – இது மட்டும் நேரில் கண்டது.'

ஏடாகூடமாக ஏதாவது செய்தால் எழுதுவதாக குணாவுக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா? எழுதிவிட்டேன், இதோ. அவன் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்று நினைக்கிறேன். அதுவும் சரிபார்க்கப்படவில்லை.